பொறியியல் படிப்பில் எதிக்ஸ் தாள்: எழுதித் தேறியவரின் மதிப்புரை

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013ஆம் ஆண்டுப் பாடத்திட்ட ஒழுங்குமுறையில் சிவில் படித்த எனக்கு, இறுதியாண்டில் விருப்பப் பாடமாக வாய்த்தது ‘ப்ரொஃபஷனல் எதிக்ஸ் இன் இன்ஜினியரிங்’, அதாவது பொறியாளரின் தொழில் அறநெறி என்ற தாள். பாட எண் ஜிஇ 6075. மூன்று கிரெடிட், 45 வகுப்புகள். 2017இல் படிப்பை முடித்து, அன்று முதல் கட்டுமானத் தளங்களில் தரக்கட்டுப்பாட்டு வேலை பார்த்து வருகிறேன். இப்போது என் அக்கா மகள் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்கீழ் இறுதியாண்டு படிக்கிறாள். அவளுக்கு வந்திருப்பது ஜிஇ 3791, ‘ஹ்யூமன் வேல்யூஸ் அண்ட் எதிக்ஸ்’. சந்தேகம் கேட்க அவள் கொண்டுவந்த நோட்ஸைப் பார்த்த பிறகு, என் பழைய பாடத்திட்டத்தையும் அவளுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு மாலைகள் படித்தேன். கட்டணம் கட்டி, நேரம் கொடுத்து மாணவர் பெறும் ஒரு சேவையாகவே இந்த இரு தாள்களையும் எடுத்துக்கொண்டு, எது கிடைக்கிறது, எது கிடைக்காமல் போகிறது என்பதை இங்கே எழுதுகிறேன். இந்தத் தாளை நடத்தப்போகும் ஆசிரியர் ஒருவராவது இதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

முதலில் பழைய தாள். ஐந்து யூனிட்களில் முதலாவது நேர்மை, பரிவு, பகிர்தல், துணிவு, நேரத்தின் மதிப்பு என்று நற்பண்புகளை வரிசையாகச் சொல்லி, யோகாவிலும் தியானத்திலும் முடிகிறது. இதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் இருபத்தொரு வயது மாணவருக்கு வீட்டிலும் பள்ளியிலும் சொல்லப்பட்டதற்கு மேல் இதில் புதிதாகவும் ஏதுமில்லை. பத்து வகுப்புகளை, அதாவது ஐந்து யூனிட்களில் மிக அதிக நேரத்தை, இதுதான் எடுத்துக்கொள்கிறது.

இரண்டாவது யூனிட்டில் உளவியலாளர் கோல்பெர்க் வருகிறார். ஒருவரின் அறவுணர்வு மூன்று நிலைகளிலும் ஆறு கட்டங்களிலும் வளர்கிறது என்பது அவர் கொள்கை. மனைவியின் உயிரைக் காக்கும் மருந்தை வாங்கப் பணமில்லாத கணவன் அதைத் திருடலாமா என்ற கேள்வியைப் பலரிடம் கேட்டு, அவர்கள் சொன்ன முடிவை விட்டுவிட்டு, அதற்குக் காட்டிய காரணத்தைத்தான் அவர் ஆராய்ந்தார். கோல்பெர்க் முதலில் ஆய்வு செய்தது சிறுவர்களை மட்டுமே என்பதைச் சுட்டிக்காட்டி, அக்கறையையும் உறவையும் அளவுகோலாக வைக்கும் வேறொரு பார்வையைக் கரோல் கில்லிகன் முன்வைத்தார். ஒரு வகுப்பையே விவாதத்தில் மூழ்கடிக்கக்கூடிய செய்தி இது. எங்கள் நோட்ஸில் இது இரண்டு பத்தி கொண்ட அட்டவணையாக, ‘கோல்பெர்க்குக்கும் கில்லிகனுக்கும் உள்ள வேறுபாடுகள்’ என்ற தலைப்பில் இருந்தது. அந்தத் திருட்டுக் கேள்வியை வகுப்பில் எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

இந்தத் தாளின் உயிர் மூன்றாம், நான்காம் யூனிட்களில் இருக்கிறது. பொறியியல் என்பதே சமுதாயத்தின் மீது நடத்தப்படும் ஒரு பரிசோதனை என்று மூன்றாம் யூனிட் தொடங்குகிறது. எந்தப் பாலமும் எந்த இயந்திரமும் முழு அறிவோடு கட்டப்படுவதில்லை. மண்ணின் தன்மையில் ஓர் ஊகம், சுமையில் ஓர் ஊகம், பொருளின் தரத்தில் ஓர் ஊகம் என்று வைத்துத்தான் கட்டுகிறோம். ஆகவே அந்தப் பரிசோதனைக்கு உட்படுபவர், அதாவது அந்த வீட்டில் குடியிருப்பவரும் அந்த லிஃப்டில் ஏறுபவரும், அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்கும் நோயாளியைப் போல, தாம் ஏற்கும் ஆபத்தை அறிந்துகொள்ளும் உரிமை உடையவர்கள். நான்கு ஆண்டுப் படிப்பில், நான் போடும் கணக்குக்கு மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார் என்று சொன்ன ஒரே பக்கம் இதுதான். 2,200க்கும் அதிகமானோர் சென்ற டைட்டானிக் கப்பலின் உயிர்காப்புப் படகுகளில் 1,178 பேருக்குத்தான் இடமிருந்தது என்ற எண்ணிக்கையையும், அந்த எண்ணிக்கை அன்றைய விதிகளுக்கு உட்பட்டே இருந்தது என்ற செய்தியையும் சேர்த்து வைத்தால், சட்டப்படி சரியாக இருப்பதற்கும் பொறுப்போடு இருப்பதற்கும் இடையேயுள்ள தூரம் தானாகவே விளங்கிவிடும். நான்காம் யூனிட் பாதுகாப்பு, ஆபத்துக் கணிப்பு, மேலதிகாரத்துக்குக் கீழ்ப்படிதல், ரகசியம் காத்தல், ஊழியரின் உரிமை என்று நேராக வேலைக் களத்துக்கே வந்துவிடுகிறது. இந்த இரண்டு யூனிட்களுக்கும் சேர்த்து 18 வகுப்புகள். ஐந்தாவது யூனிட் பன்னாட்டு நிறுவனம், சுற்றுச்சூழல், கணினி, ஆயுத உற்பத்தி என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டு ஓடுகிறது.

சரக்கு இவ்வளவு நன்றாக இருந்தும் அது எங்கள் கைக்கு வந்து சேர்ந்த விதம்தான் வருத்தத்துக்குரியது. நான் படித்த கல்லூரியில் இந்தத் தாளை நடத்தியவர் வேறு துறையின் ஆசிரியர், நல்ல மனிதர், அந்தப் பருவத்தில் யாருக்குப் பாடவேளை குறைவாக இருந்ததோ அவரிடம் தாள் ஒப்படைக்கப்பட்டிருந்தது. பத்து இரண்டு மதிப்பெண் வினாக்கள், ஐந்து பதினாறு மதிப்பெண் வினாக்கள் என்ற தேர்வு அமைப்புக்கு ஏற்ப ஒரு கொஸ்டின் பேங்க் தரப்பட்டது. ‘அறக்குழப்பம் என்றால் என்ன?’ என்பதற்கு இரண்டு வரி விடை. சேலஞ்சர் விண்கலம் பதினாறு மதிப்பெண்ணுக்கு உரியது: 1986 ஜனவரி 28, புறப்பட்ட 73ஆம் வினாடியில் வெடிப்பு, ஏழு பேர் இறப்பு, காரணம் ராக்கெட்டின் இணைப்பை அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். இந்த நான்கையும் எழுதிப் பக்கத்தை நிரப்பினால் மதிப்பெண் வந்துவிடும்.

ஆனால் பாடம் அதற்கு முந்தைய இரவில் இருக்கிறது. குளிரில் அந்த ரப்பர் வளையம் இறுகிவிடும் என்று அஞ்சிய, ராக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள், சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள். அவர்களில் ஒருவரான ரோஜர் பாய்ஷோலி பழைய ஏவுதல்களில் வளையங்கள் அரிக்கப்பட்டிருந்த படங்களை மேசைமேல் எடுத்து வைத்தார். அவர்களுடைய நிறுவனமே முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னது. பிறகு நிர்வாகிகள் தனியே பேசினார்கள், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியை அணியும்படி அங்கிருந்த பொறியியல் பிரிவுத் தலைவரிடம் சொல்லப்பட்டது, முடிவு மாறியது. அதே நிறுவனத்தின் ஆலன் மெக்டொனால்ட் என்பவர் மட்டும் ஏவுதலுக்கு ஒப்புதல் தரும் தாளில் கையெழுத்திட மறுத்தார். அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் படித்தவர், அனுபவம் உள்ளவர், தீய எண்ணம் இல்லாதவர். அப்படிப்பட்டவர்கள் எப்படி அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று பேசாமல், தேதியையும் இறந்தவர் எண்ணிக்கையையும் மனப்பாடம் செய்வதால் மாணவருக்கு ஒரு பயனும் இல்லை.

அந்தப் பருவத்தில் எனக்கு நினைவில் நிற்கும் வகுப்பு ஒன்றே ஒன்று. எங்கள் ஆசிரியர் விடுப்பில் இருந்த நாளில், ஸ்டீல் டிசைன் நடத்தும் பேராசிரியர் அந்த வேளைக்கு வந்தார். எந்த யூனிட் நடக்கிறது என்று கேட்டுக்கொண்டு, நோட்ஸை மூடச் சொன்னார். பலகையில் மேலிருந்து கீழாக ஒரு கம்பியை வரைந்து, அதில் இரண்டு நடைபாலங்களைத் தொங்கவிட்டார். அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்சி விடுதியின் கூடத்தில் இருந்தவை அவை. கூரையிலிருந்து இறங்கும் ஒரே கம்பி நான்காம் தளப் பாலத்தை ஊடுருவி, இரண்டாம் தளப் பாலம் வரை செல்வதாக முதல் வரைபடம் இருந்தது. ஒவ்வொரு பாலமும் தன் தன் நட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். அவ்வளவு நீளக் கம்பியில் மரை வெட்டுவது சிரமம் என்பதால், எஃகு வேலை செய்த நிறுவனம் அதை இரண்டு கம்பிகளாக மாற்றியது: கூரையிலிருந்து மேல் பாலத்துக்கு ஒன்று, மேல் பாலத்திலிருந்து கீழ்ப் பாலத்துக்கு இன்னொன்று. வரைபடத்தில் பார்த்தால் அது மிகச் சிறிய மாற்றம்.

பிறகு அவர் எங்களைக் கணக்குப் போடச் சொன்னார். ஒரு ஆலம் விழுதை இரண்டு பேர் தனித்தனியாகப் பிடித்துத் தொங்குவது ஒன்று. மேலே தொங்குபவரின் காலைப் பிடித்துக்கொண்டு கீழே இன்னொருவர் தொங்குவது வேறு. விழுதின் மேல் விழும் சுமை இரண்டிலும் ஒன்றுதான். மேலே இருப்பவரின் கை தாங்க வேண்டிய சுமைதான் இரட்டிப்பாகிறது. மேல் பாலத்தின் நட்டுக்கு அதுதான் நேர்ந்தது. 1981 ஜூலை 17 மாலை, கூடத்தில் நடன விருந்து நடந்துகொண்டிருந்தபோது இரண்டு பாலங்களும் சரிந்து 114 பேர் இறந்தார்கள். மாற்றப்பட்ட வரைபடத்தில் பொறியாளரின் முத்திரை இருந்தது. அந்த இணைப்புக்கு யாரும் கணக்குப் போட்டிருக்கவில்லை. முதலில் வரைந்த இணைப்பே உள்ளூர் விதி கேட்ட வலிமையில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான் கொண்டிருந்தது என்பதும் விசாரணையில் வெளிவந்தது. பொறுப்பான பொறியாளர்கள் மிசௌரி மாநிலத்தில் உரிமத்தை இழந்தார்கள். "இந்தத் தப்பைக் கண்டுபிடிக்க எந்த செமஸ்டர் பாடம் வேணும்?" என்று அவர் கேட்டபோது வகுப்பு அமைதியாக இருந்தது. முதலாண்டு மெக்கானிக்ஸில் படித்ததுதான். அந்த ஐம்பது நிமிடத்தில் ‘நேர்மை’ என்ற சொல்லை அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

அறநெறியைப் பொறியியலாகவே நடத்தும்போதுதான் அது மனத்தில் தங்குகிறது என்று நான் உறுதியாக நம்புவதற்குக் காரணம், வேலைக்குச் சேர்ந்த முதலாண்டில் நடந்த ஒன்று. தளத்தின் பெயர் இங்கே தேவையில்லை. காங்கிரீட் போடும்போது 15 சென்டிமீட்டர் கனசதுரங்களாக மாதிரி எடுத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, ஏழாம் நாளிலும் இருபத்தெட்டாம் நாளிலும் இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்ப்போம். எம்25 தரக் காங்கிரீட் என்றால் அந்தச் சிறிய கட்டி ஏறத்தாழ 560 கிலோநியூட்டன், அதாவது 57 டன் அளவுக்கான நெருக்குதலைத் தாங்க வேண்டும். அன்று தொட்டியில் கிடந்த கியூபுக்கு வயது 19 நாள். பில் அனுப்ப வேண்டிய அவசரம். மூத்தவர் ஒருவர் ரெஜிஸ்டரை என் முன்னால் வைத்து, "தம்பி, இருபத்தெட்டு நாள் ரிசல்ட்டையும் போட்டு கையெழுத்து வெச்சிடுங்க, கியூப் எப்படியும் பாஸாயிடும்" என்றார். அவர் கெட்டவர் அல்லர், வேலை கற்றுக்கொடுத்தவர், ஏழு நாள் முடிவு நன்றாக இருந்ததால் அவர் சொன்னது நடந்துவிடும் என்றுதான் எனக்கும் தோன்றியது.

அந்த நேரத்தில் கோல்பெர்க்கின் ஆறு கட்டங்கள் நினைவுக்கு வரவில்லை. பலகையில் வரைந்த அந்த முத்திரைதான் வந்தது. ஏழு நாள் முடிவை மட்டும் எழுதிக் கையெழுத்திட்டு, அடுத்த கட்டத்தைக் காலியாக விட்டேன். ஒன்பது நாள் கழித்து உடைத்தோம், கியூப் தேறியது, பில்லும் போனது. ஆனால் அன்று முடியாது என்று சொல்ல எனக்கு வாயில் சொல் வரவில்லை என்பதை இன்றும் மறக்க முடியவில்லை. "சார், பேனா எழுதல" என்று ஏதோ உளறி ரெஜிஸ்டரோடு நகர்ந்துவிட்டேன். பெரியவரின் மரியாதை குறையாமல் மறுப்பது எப்படி, மறுத்ததை எழுத்தில் பதிவுசெய்வது எப்படி, அதற்கு மேலும் வற்புறுத்தினால் யாரிடம் போவது: நான்காம் யூனிட் தலைப்புகளில் இவை எல்லாம் அடங்கும், ஆனால் வகுப்பில் ஒருமுறைகூட நாங்கள் அதைப் பேசிப் பழகவில்லை. அதிகாரத்துக்கு மரியாதை என்பதன் விளக்கத்தை மட்டும் எழுதிப் பழகினோம்.

இன்னொரு குறையும் உண்டு. பாடத்தின் வரிசையும் உதாரணங்களும் பெரும்பாலும் அமெரிக்க மண்ணைச் சேர்ந்தவை. போபால் மட்டும் இடம்பெறுகிறது; அதுவும் விஷவாயு, நள்ளிரவு, மரணம் என்ற அளவில். 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவில் அந்த ஆலையின் குளிரூட்டும் கருவி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது, கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரம் பழுதுபார்ப்புக்காகத் துண்டிக்கப்பட்டிருந்தது என்ற விவரங்களை, ஒரு வேதிப் பொறியியல் மாணவர் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்திருக்க வேண்டும். 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தபோது நான் சிவில் மாணவன். மூன்றாண்டு கழித்து எழுதிய எதிக்ஸ் தேர்வு வரை எந்த வகுப்பிலும் அந்த ஊரின் பெயரை நான் கேட்கவில்லை. தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய சத்யேந்திர துபே, கான்பூர் ஐஐடியில் சிவில் படித்தவர். தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டிருந்தும், பெயரோடு அக்கடிதம் அலுவலகம் அலுவலகமாகச் சென்றது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையின் காரணம் பற்றிய வாதங்கள் எதுவாக இருந்தாலும், கேட்டுக்கொண்ட ரகசியம் காக்கப்படவில்லை என்பது மறுக்க முடியாதது. ரகசியம் காத்தல் என்ற தலைப்பை நடத்த இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை.

தொழில்நெறிக் கோவைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொதுமக்களின் பாதுகாப்பே எல்லாவற்றுக்கும் மேலானது என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் முதல் விதியை நாங்கள் மனப்பாடம் செய்தோம். அங்கே அந்த விதிக்குப் பின்னால் பறிக்கக்கூடிய உரிமம் ஒன்று இருக்கிறது. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும், 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டடக் கலைஞருக்கும் இங்கே பதிவு உண்டு. எல்லாத் துறைப் பொறியாளருக்கும் பொதுவான அப்படியொரு சட்டப் பதிவு இந்தியாவில் இல்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் கோவையை மட்டும் நடத்தினால், மாணவர் அதைச் சுவரில் மாட்டும் வாசகமாகத்தான் எடுத்துக்கொள்வார்.

இனிப் புதிய தாள். இரண்டு கிரெடிட், 30 வகுப்புகள். விருப்பப் பாடம் என்ற நிலை போய் எல்லோரும் படிக்க வேண்டியதாகிவிட்டது. இது பெரிய முன்னேற்றம். ஜனநாயக விழுமியம், மதச்சார்பின்மை, அறிவியல் மனப்பான்மை, சமூக அறம், அறிவியல் அறம் என்று ஐந்து யூனிட்கள். பாலினப் பாகுபாடு, சமூக ஒதுக்கல், அரசமைப்புச் சட்டம் தரும் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு ஒரு முழு யூனிட் ஒதுக்கியிருப்பதை மனமார வரவேற்கிறேன். பழைய தாளில் பாகுபாடு என்பது நான்காம் யூனிட்டின் கடைசிச் சொல்லாக மட்டுமே இருந்தது. தளத்தில் பெண் பொறியாளர்களுக்குக் கழிப்பறைகூட ஏற்பாடு செய்யாத நிர்வாகங்களைப் பார்த்தவன் என்ற முறையில், இந்த யூனிட் எவ்வளவு அவசியம் என்று எனக்குத் தெரியும். ஆதாரத்தை வைத்து முடிவுக்கு வருதல், ஐயம் கொள்ளுதல் ஆகியவற்றைப் பேசும் மூன்றாம் யூனிட்டும் நன்று.

ஆனால் நல்ல குடிமகனும் நேர்மையான அறிவியலாளரும் இடம்பெற்ற இந்தத் தாளில் பொறியாளர் காணாமல் போயிருக்கிறார். சமுதாயப் பரிசோதனை என்ற கருத்து இல்லை. ஆபத்துக் கணிப்பு இல்லை. தொழில்நெறிக் கோவை இல்லை. ஊழியரின் உரிமை இல்லை. பிரெஞ்சுப் புரட்சியைப் படித்துவிட்டு வரும் மாணவரிடம் முதல் மாதத்திலேயே ஒருவர் ரெஜிஸ்டரை நீட்டப் போகிறார். பழைய தாளின் முதல் யூனிட்டை நீக்கியது சரி. மூன்றையும் நான்கையும் சேர்த்து நீக்கியதுதான் என்னால் ஏற்க முடியாதது.

பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று சமமாக ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014இல் இந்தியா முழு உறுப்பினரான காலத்தில், தேசிய அங்கீகார வாரியம் வகுத்திருந்த பன்னிரண்டு கற்றல் விளைவுகளில் எட்டாவது அறநெறி. அதனால் கல்லூரிகளில், எந்தத் தாள் எந்த விளைவுக்கு உதவுகிறது என்று காட்டும் அட்டவணையின் எட்டாம் கட்டத்தில் எண் நிரப்ப எதிக்ஸ் தாளின் மதிப்பெண்ணே போதும் என்ற பழக்கம் பரவலாக வந்துவிட்டது. கான்கிரீட் டிசைன், மண் ஆய்வு, மதிப்பீடு ஆகிய தாள்களிலும் அந்தக் கட்டத்தை நிரப்ப இடமுண்டு. அங்கே நிரப்பினால்தான் அதற்குப் பொருள் உண்டு.

கல்லூரியில் கிடைக்காததை வெளியே தேடுவோருக்கு, இணையவழிப் பாடங்கள் தரும் என்பிடெல் தளத்தில் காரக்பூர் ஐஐடி வழங்கும் ‘எதிக்ஸ் இன் இன்ஜினியரிங் பிராக்டிஸ்’ உண்டு. காணொளிகள் இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். தனியே படிக்கும் பொறுமை உள்ளவருக்குப் பரிந்துரைப்பேன். ஆனால் எதிரே இருப்பவரிடம் மறுத்துப் பேசும் பழக்கத்தைக் காணொளி தராது.

ஆக என் மதிப்பீடு: பழைய தாளின் உள்ளடக்கம் சிறப்பு, வழங்கிய முறை மோசம், புதிய தாளின் நோக்கம் சிறப்பு, அதில் தொழில் இல்லை. இரண்டும் இறுதியாண்டில் வருவது பெருந்தவறு; அப்போது மாணவரின் மனம் பிளேஸ்மென்ட்டில் இருக்கிறது. மூன்றாம் ஆண்டில், டிசைன் தாள்களோடு, அந்தந்தத் துறை ஆசிரியர் நடத்த வேண்டும். பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜிஇ 3791இன் ஐந்தாம் யூனிட்டில் அறிவியலின் தவறான பயன்பாடு என்றொரு தலைப்பு இருக்கிறது, மனமுள்ள ஆசிரியர் ஹயாத் கம்பியையும் சேலஞ்சர் இரவையும் அங்கேயே நடத்திவிடலாம்.

அக்கா மகளுக்கு அந்தக் கம்பியை ஒரு தாளில் வரைந்து கொடுத்தேன். மூன்று நிமிடத்தில் விடையைச் சொல்லிவிட்டு, "மாமா, முத்திரை குத்தினவர் ஏன் இதைப் போட்டுப் பார்க்கல?" என்று கேட்டாள். அவளுடைய ஆசிரியர், அடுத்த மாதம் ஒரு வகுப்பை எடுத்துக்கொள்ளும்படி என்னை அழைத்திருக்கிறார். ஏழாம் நாள் முடிவு எழுதி, இருபத்தெட்டாம் நாள் கட்டம் காலியாக உள்ள ரெஜிஸ்டர் பக்கம் ஒன்றை அறுபது பிரதிகள் எடுத்து வைத்திருக்கிறேன். நான் மூத்தவராக நின்று கையெழுத்துக் கேட்பேன். ஒவ்வொருவரும் என் முகத்தைப் பார்த்து வாயால் ஒரு பதிலும், பக்கத்தின் அடியில் ஐந்து வரியில் எழுத்தால் ஒரு பதிலும் தர வேண்டும்.